அம்மா "ஒண்டுக்கு வருது" எண்டு சொல்லேக்க ரப்லெற்றைப் பாக்காதேங்கோ

ஸ்காபரோவில என்ர அம்மா இருக்கிற நேர்சிங் ஹோமின்ர நிர்வாகத்துக்கும் அதை நடத்திற கொம்பனிக்கும்,

போன மாதம் மூண்டாம் மாடி லிஃப்டுக்குப் பக்கத்தில நீங்கள் ஒட்டின அறிவித்தலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பம்பஸில கொழுவி, ஈரத்தை வேலை செய்யிற ஆக்களின்ர ரப்லெற் ஸ்கிறீனில காட்டுற சென்சர், பரீட்சார்த்தமா வந்தது, இனி நிரந்தரம் எண்டும், அதால பகலில நேரத்துக்கு நேரம் ஆக்களை ரொயிலற்றுக்குக் கூட்டிக்கொண்டு போற சுற்று இனித் தேவை இருந்தா மட்டும்தான் எண்டும் அதில இருந்தது. தேவை இருக்கோ இல்லையோ எண்டு ஆர் சொல்லுறது எண்டது அதில இல்லை. ரெண்டரை மாதமா நான் பக்கத்தில இருந்து பாக்கிறன், அதைச் சொல்லுறது அந்த ரப்லெற். அம்மா இல்லை. இதை என்னால ஏற்றுக்கொள்ள ஏலாது.

இங்கிலீசில எழுதின பிரதியை ஒஃபிசில ஏற்கனவே குடுத்திட்டன். தமிழில எழுதுறது ஏனெண்டா அந்த மாடியில அரைவாசிக்கு மேல எங்கட சனம், உங்கட அறிவித்தல் இங்கிலீசில மட்டும்தான் இருந்தது, தாய் தேப்பனைப் பாக்க வாற கனபேருக்கு என்ன மாறினது எண்டே தெரியாது. அவையளும் வாசிக்கோணும், இங்க இருக்கிற ஆக்களின்ர குடும்பங்கள் சேர்ந்த குடும்பக் கவுன்சிலில இருக்கிற தமிழ் ஆக்களும் வாசிக்கோணும்.

அம்மாவுக்கு 84 வயது. மறதி வருத்தம். இங்கிலீசு எப்பவோ போயிட்டுது, என்ர பேரும் சில நாளைக்கு வராது, என்னைத் தன்ர தங்கச்சி எண்டு நினைச்சுக் கதைப்பா. ஆனா சலம் வாறது அம்மாவுக்கு இன்னும் முன்கூட்டியே தெரியும். முதல்ல வலது கை சீலைத் தலைப்பைத் தேடும், இப்ப சீலை இல்லை, நைற்றிதான், அதின்ர மடிப்பைப் பிடிச்சுத் திருகுவா, பேந்து கதிரையின்ர நுனிக்கு அரக்கி அரக்கி வருவா, அதுக்குப் பிறகுதான் "பிள்ளை, ஒண்டுக்கு வருது" எண்டு மெல்லமாச் சொல்லுவா. அதில இருந்து ஒரு பத்து நிமிசம் இருக்கு. அந்தப் பத்து நிமிசத்துக்குள்ள ஒரு ஆள் கையைப் பிடிச்சு எழுப்பி, வோக்கரை முன்னுக்கு வைச்சு, பதினொரு அடி நடத்திக்கொண்டு போனா அம்மா கக்கூசில இருந்து போவா, தானே துடைப்பா, தானே கை கழுவுவா. போன வருசம் சித்திரையில சேர்த்த நாள் தொடக்கம் இந்த வருசம் ஆனி வரைக்கும் இப்பிடித்தான் நடந்தது. எல்லா நாளும் எண்டு சொல்லமாட்டன், ஆனா பெரும்பாலான பகலில அம்மா காய்ஞ்ச உடுப்போட இருந்தவா.

நான் சென்சருக்கு எதிரான ஆள் இல்லை. ஆனியில உங்கட நேர்ஸ் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, பம்பஸுக்குள்ள ஒரு சென்சர் வைச்சு மூண்டு நாள், 72 மணித்தியாலம், அம்மா எத்தினை மணிக்குப் போறா, ஒவ்வொருக்காவும் எவ்வளவு போறா எண்டு பதியப்போறம் எண்டு சொன்ன நேரம் நான் உண்மையாச் சந்தோசப்பட்டனான். முந்தி அதை ஆக்கள் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து பம்பஸைத் திறந்து பாத்து பேப்பரில புள்ளடி போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது, வேலைக் கெடுபிடியில ஷிப்ட் முடியிற நேரம் எல்லாக் கட்டத்தையும் ஒரேயடியா நிரப்பினதை நான் கண்ணால கண்டிருக்கிறன், அந்தப் பேப்பரை நம்பேலாது. மெசின் அப்பிடிச் செய்யாது. மூண்டு நாள் முடிய ஒரு வரைபடம் தந்தனீங்கள், அதை இன்னும் வைச்சிருக்கிறன். விடிய ஆறே முக்கால், பிறகு பத்து மணித் தேத்தண்ணி குடிச்சு முக்கால் மணித்தியாலத்தால, மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒண்டேகால் போல, பின்னேரம் மூண்டரை, படுக்க முன்னம் எட்டு, நடுச்சாமம் தாண்டி ஒருக்கா. மூண்டு நாளும் கிட்டத்தட்ட அதே நேரம். எனக்கு அதைப் பாத்து அழுகை வந்தது, ஏனெண்டா மறதி வந்த மனிசி எண்டு எல்லாரும் சொல்லுற என்ர அம்மாவின்ர உடம்பு மணிக்கூடு மாதிரி வேலை செய்யுது. இனி ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கால் மணித்தியாலம் முந்திப் போய்க் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனாச் சரி, பகலில பம்பஸே நனையாது எண்டு நினைச்சன்.

அந்த வரைபடத்தை வைச்சு நீங்கள் செய்தது வேற. எத்தினை மில்லிலீற்றர் எண்டு கூட்டிப் பாத்து, எந்த சைஸ் பம்பஸ் காணும், ஒரு நாளைக்கு எத்தினை காணும் எண்டு முடிவெடுத்தீங்கள். நாலு. அம்மாவின்ர அலுமாரிக் கதவில "4" எண்டு எழுதின ஸ்ரிக்கர் இருக்கு. நேரங்கள் எங்கயும் எழுதப்படேல்லை. அம்மாவின்ர பராமரிப்புத் திட்டத்தை, கெயர் பிளானை, கேட்டு வாங்கி வாசிச்சன், அதிலயும் இல்லை.

பிறகு ஆடி நடுப்பகுதியில மற்ற சென்சர் வந்தது. இது பம்பஸின்ர வெளிப்பக்கம் கொழுவுறது. உள்ளுக்க எவ்வளவு ஊறிட்டுது எண்டு ரப்லெற்றில துளிப் படமாக் காட்டும், ஒரு துளி, ரெண்டு துளி, மூண்டு துளி. ரெண்டாவது துளி வர முன்னம் மாத்தவேண்டாம் எண்டு வேலை செய்யிற ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறீங்கள். இதை ஒருத்தரும் எனக்கு எழுத்தில தரேல்லை, ஆனா அந்த மாடியில வேலை செய்யிற மூண்டு வெவ்வேறு பிஎஸ்டபிள்யூ, பராமரிப்பு உதவியாளர்கள், என்னட்ட ஒரே மாதிரிச் சொன்னவை. அவையளில எனக்குக் கோபம் இல்லை. அம்மாவுக்கு ராத்திரியில தலையைத் தடவி விடுற ஆக்கள் அவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொப்பியில எழுதினதை அப்பிடியே எழுதுறன். 3.10க்கு அம்மா நைற்றியைத் திருகத் தொடங்கிட்டா. 3.14க்கு "ஒண்டுக்கு வருது பிள்ளை" எண்டவா. பெல்லை அமத்தினன். எனக்கு இடுப்பு ஒப்பரேசன் செய்தது, தனிய அம்மாவைத் தூக்கேலாது, உங்கட ஆக்கள் இல்லாமல் எழுப்பக்கூடாது எண்டும் நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீங்கள். 3.22க்கு ஒரு பிள்ளை வந்தது, அது அம்மாவைப் பாக்கேல்லை, ரப்லெற்றைப் பாத்துது, "ஷி இஸ் ட்ரை" எண்டு சொல்லிட்டு அடுத்த றூமுக்கு ஓடிட்டுது. ட்ரைதான். அந்த நேரம் அம்மா காய்ஞ்சுதான் இருந்தவா, அதாலதானே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டது! 3.31க்கு அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சா, நகம் பதியுற அளவுக்கு, பிறகு கை தளர்ந்துது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. ரப்லெற்றில ஒரு துளி வந்தது. ஒரு துளிக்கு ஆரும் வரமாட்டினம். 4.50க்கு ரெண்டாவது துளி. 5.05க்கு மாத்தினவை. 3.14க்குச் சொன்ன மனிசியை 5.05க்கு மாத்தினது. உங்கட கணக்கில இது பதினைஞ்சு நிமிசம், ஏனெண்டா உங்கட மணிக்கூடு ரெண்டாவது துளியிலதான் ஓடத் தொடங்குது. எங்கட மணிக்கூட்டில இது ஒண்டே முக்கால் மணித்தியாலத்துக்கும் மேல.

இப்பிடி பதினேழு நாள் எழுதி வைச்சிருக்கிறன். வேலை முடிச்சு நேர வாறது, அதால எல்லாம் பின்னேரங்களும் சனி ஞாயிறும்தான், மற்ற நேரம் என்ன நடக்குது எண்டு உங்கட ரப்லெற்றுக்குத்தான் தெரியும். பதினேழில பதினாலு நாள் அம்மா முதல்லயே சொன்னவா. அதில ரெண்டே ரெண்டு தரம்தான் கூட்டிக்கொண்டு போனவை.

மலம் போனா அந்தச் சென்சருக்குத் தெரியவே தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் போக றூம் வாசலிலயே மணம். ரப்லெற்றில ஒண்டும் இல்லை, ஒரு துளியும் இல்லை, அதால ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை. அம்மா எவ்வளவு நேரம் அதில இருந்தவா எண்டு எனக்குத் தெரியாது, பின்பக்கம் காய்ஞ்சு ஒட்டிப்போய் இருந்தது. துடைக்கேக்க அம்மா "எரியுது, எரியுது" எண்டு கத்தினது இப்பவும் காதுக்க கேக்குது. தொடை இடுக்கில தோல் அவிஞ்சு சிவந்து போச்சு, கிறீம் பூசி மூண்டு கிழமையாகியும் முழுசா ஆறேல்லை. சலமும் மலமும் சேர்ந்தா தோலுக்கு எவ்வளவு கெடுதல் எண்டு உங்கட நேர்ஸ்மாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, சலத்தில இருக்கிற யூரியா அமோனியாவா மாறித் தோலின்ர இயற்கையான காப்பை அழிக்கும், மலத்தில இருக்கிற என்சைம் அதில இன்னும் கெதியா அரிக்கும், 84 வயதுத் தோல் கடுதாசி மாதிரி.

இதைவிட எனக்குப் பயமா இருக்கிறது வேற ஒண்டு. அம்மா இப்ப தேத்தண்ணி குடிக்கிறதை விட்டிட்டா. வாழ்க்கை முழுக்க ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிச்ச மனிசி, கப்பைக் கிட்டக் கொண்டு போனா வாயை இறுக்கி மூடுறா. டயற்றீசியன் "பசியில்லைப் போல" எண்டு எழுதியிருக்கிறா. பசியில்லாமல் இல்லை, குடிச்சா வரும், வந்தா ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகமாட்டினம், நனையோணும், அது அம்மாவுக்கு விளங்கிட்டுது. மறதி வந்த ஆளுக்கு ஒண்டும் விளங்காது எண்டு நினைக்காதேங்கோ. தண்ணி குடிக்காட்டி சலம் தடிச்சு இன்னும் எரியும், மலம் இறுகும், கிருமித் தொற்று வாற வாய்ப்பும் கூடும், அதோட மயக்கமும் தடுமாற்றமும் வரும். ஆவணியில ஒருநாள் விடியப்புறம் தானா எழும்பிக் கக்கூசுக்குப் போகப் பாத்துக் கட்டிலடியில விழுந்து கிடந்தவா. எலும்பு முறியாதது கடவுள் புண்ணியம். உங்கட விபத்து அறிக்கையில "காரணம்: மறதி நோய்" எண்டு இருக்கு. அம்மா கக்கூசுக்குப் போகப் பாத்தவா. காரணம் அதுதான்.

அம்மா ஏன் இப்பிடி அந்தரப்படுறா, பம்பஸுக்குள்ளயே போனா என்ன எண்டு உங்கட ஆக்கள் கேக்கினம். 1995 ஐப்பசி 30, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கச் சண்டையால ஒரே இரவில வெளிக்கிட்ட நாள், நாங்கள் கொக்குவிலில இருந்து நடந்தனாங்கள், மழை, இருட்டு, லட்சக்கணக்கில சனம், நாவற்குழிப் பாலத்தடியில அசையேலாமல் மணித்தியாலக்கணக்கா நிண்டது. எனக்கு அப்ப பதினேழு. பெம்பிளையள் ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லை. அம்மா எனக்கும் அன்ரிமாருக்கும் தன்ர சீலையை விரிச்சுப் பிடிச்சு மறைப்புக் கட்டினவா. தான் போகேல்லை. அடுத்த நாள் சாவகச்சேரியில ஒரு தெரிஞ்ச வீட்டுக் கக்கூசுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கொண்டு நடந்தவா. அந்த மனிசிக்குத்தான் முப்பது வருசம் கழிச்சு, சுத்தமான கக்கூஸ் பதினொரு அடி தூரத்தில இருக்கேக்க, இருந்த இருப்பிலயே போங்கோ எண்டு சொல்லுறீங்கள்.

இனிச் சட்டத்துக்கு வாறன். ஒன்ராறியோவின்ர நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் 2022 சித்திரையில நடைமுறைக்கு வந்தது, அதுக்குக் கீழ வாற ஒழுங்குவிதி 246/22, அதில 56ஆம் பிரிவு சலம் மலம் பராமரிப்பைப் பற்றினது. நான் அதை இருந்து வாசிச்சனான். தனிய ரொயிலற்றுக்குப் போகேலாத ஆளுக்கு உதவி குடுக்கோணும் எண்டு இருக்கு. சில நேரங்களிலயாவது அடக்கக்கூடிய ஆள் அதைத் தொடர்ந்து செய்யிறதுக்கு உதவோணும் எண்டு இருக்கு. பம்பஸ் மாதிரிச் சாமானுகளை, ஒரு ஆளை ரொயிலற்றுக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்குப் பதிலாப் பாவிக்கக்கூடாது எண்டு நேரடியாவே இருக்கு. சுத்தமா, காய்ஞ்சு, சௌகரியமா இருக்கிற அளவுக்கு மாத்தோணும் எண்டும் இருக்கு. துளிக்கணக்கு அதில எங்கயும் இல்லை, ஒரு துளி ஈரமும் ஈரம்தான். பம்பஸில ஒரு சென்சரைக் கொழுவினதால அது பம்பஸ் இல்லாமல் போகாது. உங்கட அறிவித்தலையும் அந்தப் பிரிவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசியுங்கோ.

இது புதுசா ஆரும் கண்டுபிடிச்ச விசயமும் இல்லை. நேரத்துக்கு நேரம் போய், காய்ஞ்சிருக்கிறீங்களோ எண்டு கேட்டு, போகோணுமோ எண்டு கேட்டு, கூட்டிக்கொண்டு போய், போன பிறகு நல்லது எண்டு ஒரு வார்த்தை சொல்லுற முறைக்கு ஒன்ராறியோ பதிவுபெற்ற தாதியர் சங்கம் 2002லேயே வழிகாட்டி வெளியிட்டது. மறதி இருந்தாலும் கேட்டாப் பதில் சொல்லக்கூடிய ஆக்களுக்கு அது உதவும். அம்மா கேக்காமலே சொல்லுற ஆள்.

ஆக்கள் காணாது எண்டு நீங்கள் சொல்லுவீங்கள், எனக்குத் தெரியும். ராவில முப்பத்திரண்டு பேருக்கு ஒரு பிஎஸ்டபிள்யூ நிக்கிறதை நான் பாத்திருக்கிறன். ஆனா ஒரு ஆளுக்கு நாளொண்டுக்குச் சராசரி 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு எண்ட இலக்கை 2025 பங்குனி 31க்குள்ள எட்டோணும் எண்டு இந்த மாகாணம் சட்டத்திலயே எழுதினது. அந்த 4 மணித்தியாலத்தில அம்மாவைப் பதினொரு அடி நடத்துறதுக்கு நேரம் இல்லையெண்டா வேற எதுக்கு அந்த நேரம்? 2020 வைகாசியில கனடிய இராணுவம் ஒன்ராறியோவின்ர அஞ்சு நேர்சிங் ஹோமுக்குப் போய்ப் பாத்து எழுதின அறிக்கையில, ஊறின பம்பஸோட விடப்பட்ட ஆக்களைப் பற்றி வாசிச்சு நாடே தலையில கை வைச்சது. அப்ப ஆக்களுக்கு ஈரம் தெரியேல்லை எண்டாவது சாட்டுச் சொல்லலாம். இப்ப ரப்லெற்றில ஈரம் தெரியுது, தெரிஞ்சுகொண்டும் ரெண்டாவது துளிக்குக் காத்திருக்கிறம்.

சென்சரால நன்மை இல்லையெண்டு நான் எங்கயும் சொல்லேல்லை. அம்மாவின்ர பக்கத்துக் கட்டில் அன்ரி பக்கவாதம் வந்து கதைக்கேலாத ஆள், முந்தி ராவில ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா லைற்றைப் போட்டு, புரட்டிப் பாத்து, எழுப்பி, விடிய அவ களைச்சுப் போய் இருப்பா. இப்ப அவ விடிய வரைக்கும் நித்திரை கொள்ளுறா. அவவின்ர பிள்ளையளும் சந்தோசம், நானும் சந்தோசம். ஜப்பான்ல அடிவயிற்றில வைச்சு அல்ட்ராசவுண்டால சலப்பை எவ்வளவு நிரம்பினது எண்டு பாத்து, போக முன்னமே ஆளுக்குச் சொல்லுற டிஃப்ரீ எண்ட கருவியும் இருக்கு, அது கூட்டிக்கொண்டு போறதுக்காகவே செய்த கருவி. நீங்கள் வாங்கினது நனைஞ்ச பிறகு சொல்லுறது. கதைக்கேலாத அன்ரிக்கு அது சரி. கதைக்கிற அம்மாவுக்கு அதை வைச்சு, அவவின்ர கதையைக் கேக்கிறதை நிப்பாட்டினதுதான் பிழை.

என்னட்டக் கேக்கவும் இல்லை. அம்மாவுக்காக முடிவெடுக்கிற பவர் ஒஃப் அற்றோர்ணி என்ர பேரில இருக்கு, உங்கட ஃபைலில கொப்பி இருக்கு. 72 மணித்தியாலச் சோதனைக்குச் சம்மதம் கேட்டனீங்கள், சைன் வைச்சனான். ஆடியில வந்த சென்சருக்கு ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மாவின்ர உடம்பு எத்தினை மணிக்கு என்ன செய்தது எண்ட தகவல் எங்க போகுது, அந்தச் சென்சர் விக்கிற கொம்பனிக்கும் போகுதோ எண்டு ரெண்டு தரம் ஈமெயிலில கேட்டும் பதில் இல்லை.

நான் கேக்கிறது இவ்வளவும்தான்.

அந்த அறிவித்தலைக் கழட்டுங்கோ, பகல் ரொயிலற் சுற்றைத் திருப்பித் தொடங்குங்கோ. 72 மணித்தியால வரைபடத்தில இருக்கிற நேரங்களை அம்மாவின்ர கெயர் பிளானில எழுதுங்கோ, அப்பிடி வரைபடம் எடுத்த எல்லாருக்கும் எழுதுங்கோ, ஒவ்வொரு நேரத்துக்கும் கால் மணித்தியாலம் முன்னம் ஒரு ஆள் போகோணும்.

ஒரு ஆள் வாயால சொன்னாலோ கையால காட்டினாலோ ரப்லெற்றில என்ன இருந்தாலும் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு எழுத்தில சொல்லுங்கோ, எல்லா ஷிப்டுக்கும், ஏஜென்சியால வாற ஆக்களுக்கும். எங்கட ஆக்கள் சொல்லுற சொல்லுகள் கனக்க இல்லை: ஒண்டுக்கு, சலம், வெளிக்கு, கக்கூசு. இங்கிலீசு எழுத்தில கருத்தோட எழுதி ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலயும் ஒட்டுங்கோ, நான் இலவசமா எழுதித் தாறன், உங்கட ஆக்களுக்குச் சொல்லியும் குடுக்கிறன்.

ரெண்டு துளி வரக் காத்திருக்கிற பழக்கத்தை நிப்பாட்டுங்கோ. நனைஞ்சா மாத்துங்கோ. சென்சர் மலத்தைக் காட்டாதபடியா அதுக்கெண்டு தனியாத் திறந்து பாக்கிற நேரம் ஒண்டு போடுங்கோ. அலுமாரிக் கதவில இருக்கிற அந்த "4"ஐ இண்டைக்கே உரிச்செடுங்கோ.

சென்சர் போட்ட ஒவ்வொரு ஆளின்ர குடும்பத்திட்டையும் எழுத்தில சம்மதம் வாங்குங்கோ, தமிழிலயும். முதல் துளிக்கும் மாத்தினதுக்கும் இடையில எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தினை தரம் ரொயிலற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனது எண்ட கணக்கைக் கிழமைக்கு ஒருக்கா எங்களுக்குக் காட்டுங்கோ. தகவல் எங்க போகுது எண்டதுக்குப் பதில் தாங்கோ.

பம்பஸ் கொம்பனியோட ஒப்பந்தம் புதுப்பிக்க முன்னம் எங்களையும், வேலை செய்யிற ஆக்களையும் கேளுங்கோ. வருசத்துக்கு ஒருக்கா அப்பிடிக் கேட்டு, அதைக் கணக்கில எடுத்துத்தான் வாங்கோணும் எண்டு அதே 56ஆம் பிரிவில இருக்கு. நான் ரெண்டாவது வருசமா வாறன், இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை.

மற்றக் குடும்பங்களுக்கு ஒரு விசயம், வாய் திறந்தா அம்மா அப்பாவை வேற மாதிரிப் பாப்பினமோ எண்டு பயந்து இருக்கிறீங்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முறைப்பாடு சொன்னதுக்காக ஆளைப் பழிவாங்கக்கூடாது எண்டு சட்டத்தில இருக்கு. கொப்பி ஒண்டு வாங்கி நேரத்தை எழுதத் தொடங்குங்கோ.

குடும்பக் கவுன்சில் கூட்டம் வாற 16ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு. இந்தக் கோரிக்கையளைக் கவுன்சில் மூலமாவும் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறன், கவுன்சில் தந்தா பத்து நாளுக்குள்ள நீங்கள் எழுத்தில பதில் தரோணும். தராட்டி மாகாண அமைச்சுக்கு முறைப்பாடு போகும், கொப்பியின்ர பதினேழு நாளும் வரைபடமும் சேர்த்து. கூட்டத்துக்கு முன்னம் ஆராவது ஒரு நிர்வாகி ஒரு பின்னேரம் மூண்டு மணிக்கு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருங்கோ. ரப்லெற் கொண்டுவராதேங்கோ. வலது கையைப் பாத்துக்கொண்டு இருங்கோ.

மூண்டாம் மாடி, ஜன்னல் பக்கக் கட்டில் அம்மாவின்ர மகள்